கடைசிக் காரின் பின் சீட்டு

ஜூன் பதினான்காம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்கு, ஆலையின் இரண்டாம் கூடத்தில் அந்த மாடலின் கடைசிக் கார் லைனை விட்டு இறங்கியது. வரிசை எண் 41,306.

இருபத்திரண்டு வருடத் தயாரிப்பு. உச்சத்தில் நாளுக்குப் பதினாறு, பிறகு ஒன்பது, கடைசி வருடம் வாரத்துக்கு இரண்டு. அத்தனையிலும் பின் சீட்டில் உட்கார்ந்து சத்தம் பார்த்தவருக்குக் கூடத்தில் பாம்புக்காது என்று பெயர். எங்காவது முனகினாலும் சரி, வெளிச்சத்தம் உள்ளே கசிந்தாலும் சரி, காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அன்று ஐந்து மணிக்குள் இடமாற்றப் படிவத்தை அலுவலகத்தில் கொடுப்பவர்களுக்கு வேன் ஆலையில் வேலை. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். அவருடைய படிவம் மூன்று நாளாகச் சட்டைப்பையிலேயே இருந்தது.

"மாமா, குடுத்தாச்சா? அக்கா என் உயிரை வாங்கறா," என்றான் எலக்ட்ரீஷியன், அவர் மனைவியின் தம்பி.

"போற வழியில குடுக்கறேன் மாப்ளே. இடது பக்கம் ஒரு 'டிக்' கேட்டுச்சு."

"இது கண்காட்சியில நிக்கப் போற வண்டி. ஓடவே ஓடாது. பொம்மைக்குக் காது குத்தறீங்களே!"

அவன் டீ குடிக்கப் போனான். நாலேகாலுக்கு அவர் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். பெல்ட் கொக்கி மரப்பட்டியில் இடித்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளி வைக்க ஒரு நொடிதான் ஆனது. இறங்கத் திரும்பியபோது உள்விளக்கு அணைந்தது.

முன் சீட்டையும் பின் சீட்டையும் பிரிக்கும் கறுப்புக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பானெட் தூக்கியிருந்தது. மச்சினன் திரும்பி வந்து பேட்டரி வயரைக் கழற்றிவிட்டான். அந்தக் காரில் கதவு, கண்ணாடி, திரை எல்லாமே மின்சாரம். அவசரத்துக்கு இழுக்கும் கம்பி முன் கதவுகளில் மட்டும்தான். பின்னால் உட்காருபவருக்குக் கதவு திறந்துவிட எப்போதும் ஆள் இருப்பார் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருந்தார்கள். கூடத்துக்குள் போனுக்கு அனுமதி இல்லை. அவருடையது லாக்கரில் கிடந்தது.

அவர் கத்தினார். தடுப்பைக் குத்தினார். ஷூவைக் கழற்றி ஜன்னலில் அடித்தார். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாத இரட்டைக் கண்ணாடி அசையவில்லை. பானெட் இறங்கியது. மச்சினன் ஏதோ பாட்டுக்கு வாயசைத்தபடி துணி உறையை இழுத்து முன்னிருந்து பின்வரை போர்த்தினான். பிறகு எதுவும் தெரியவில்லை. கைக்கடிகாரம் ஓடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஐந்தே காலுக்கு அக்கா வாசல் காவலரின் போனில் தம்பியைப் பிடித்தாள். "எங்கடா உன் மாமா?" அதன் பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

உறையை உருவி, வயரை மாட்டி, கதவைத் திறந்தபோது அவர் ஒரு கால் ஷூவோடு, வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா மாமா?"

"குடுத்தேன்டா. ஒரு மணி நேரமா."

இருவரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது.

திங்கட்கிழமை வேன் ஆலைப் பட்டியலை ஒட்டினார்கள். அதில் பதினெட்டுப் பேர். மச்சினன் ஏழாவது. அவர் பெயர் இல்லை.