பையன் விழுங்கியது, தெரு வாய் மூடியது

மாத்திரையை விழுங்கியது பல்செட்டுக்காரியின் பையன். பேச்சு நின்றது மாடிவீட்டுக்காரருக்கு. தண்ணீர் மோட்டாரை நிறுத்தாதது யார் என்று கத்துவதற்காக வாயைத் திறந்தவருக்குச் சத்தம் வரவில்லை. பிறகு அந்தப் பையன் செய்வதுபோலவே வாசலில் கிடந்த செருப்புகளை ஒரே கோட்டில் அடுக்கிவிட்டு மாடியேறிப் போனார்.

பல்செட்டுக்காரி என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் பட்டறையில் மெழுகில் பல் பதிப்பது அவள் வேலை. ஐந்து வயதாகியும் பேசாத மகனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஊதல், கண்ணாடி, சோப்புக் குமிழி என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டி 'ப' என்றொரு சத்தத்தை அவன் உதட்டிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார், யாரும் கேட்காமலே, ஹோமியோபதி டாக்டர் ஒருவரைக் கண்டுபிடித்தாள். பையன் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பான், இடிக்குப் பயப்படுவானா, உப்பைத் தேடுவானா என்று அந்த மனிதர் ஒரு பொழுது முழுக்கக் கேட்டார். பெற்றவள் வாயெடுக்கும் முன்பே நாத்தனார் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தாள். கொடுத்தது கடுகளவு வெள்ளை உருண்டைகள். கையால் தொடக் கூடாது, வீட்டில் காபி வாசமே ஆகாது.

"அந்தப் பயிற்சிய நிறுத்திடும்மா. ரெண்டையும் போட்டுக் குழப்பினா எது கேட்டுச்சுன்னே தெரியாது."

"இப்பத்தான் அண்ணி 'ப' வந்திருக்கு. விட்டா அங்க இடம் போயிடும்."

"'ப'வ வெச்சு என்ன பண்றது? டேய், நீ சொல்லேன்டா."

கணவன் தலையைச் சொறிந்தான். அக்கா எதிரே அவன் வேறெதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. பயிற்சியில் பையனின் இடம் போயிற்று. பின்னாலேயே 'ப'வும் போயிற்று.

மாடிவீட்டுக்காரருக்கு அடுத்து, பையன் பேசாததற்கு டிவிதான் காரணம் என்று சொல்லிவந்த மளிகைக்கடைக்காரர். அப்புறம், செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்ற எதிர்வீட்டு டீச்சர். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வாய் அடைத்தது. பையன் மட்டும் இருந்தபடியே இருந்தான்.

"மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. வீட்ல யாரோ காபி குடிச்சிருக்கீங்க" என்றார் டாக்டர்.

"தெருவுக்கே கேக்குதே, என் பிள்ளைக்கு எப்ப கேக்கும்?"

"முதல்ல கூடும், அப்புறம் குறையும். பொறுமை வேணும்மா."

அவர் வீரியத்தைக் கூட்டினார். அவள் காபியை விட்டாள், பச்சை வெங்காயத்தை விட்டாள், தலைவலித் தைலத்தைக்கூட விட்டாள். பட்டறையில் யாருக்கோ கோரைப் பல்லை நட்டநடுவில் பதித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். இப்படியே இரண்டு வருஷம் கரைந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்த நாத்தனார் பாதியில் நின்றாள். காபியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரும் நின்றார். மருந்து கொடுக்க ஆளில்லாமல் போனதால், மருந்தும் நின்றது.

பல்செட்டுக்காரி மறுபடி பயிற்சி நிலையத்துக்கு ஓடினாள். நடை முழுக்க அவள் தெருதான் உட்கார்ந்திருந்தது. டாக்டர், டீச்சர், மளிகைக்கடைக்காரர், கடைசி நாற்காலியில் நாத்தனார்.

"உங்களுக்கு முன்னாடி இத்தனை பேர் இருக்காங்களேம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள் முன்மேசைப் பெண்.

பல்செட்டுக்காரிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மகன் கையைப் பிடித்து வரிசையைத் தாண்டி நடந்தாள். கதவருகே திரும்பி நின்றாள்.

"யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது தெருவில் விலையை விரலில் காட்டுகிறார்கள். பேரத்தைப் புருவத்தில் முடிக்கிறார்கள். குழாயடிச் சண்டை பாதி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. 'ப' திரும்பி வரவே ஒரு வருஷம் பிடித்தது. அப்புறம் ஒருநாள் சாயங்காலம், அவன் அடுக்கிய வரிசையிலிருந்து நாத்தனார் தன் செருப்பை உருவப் போனாள். பையன் நிமிர்ந்து பார்த்து, "போ" என்றான்.

பல்செட்டுக்காரி அன்று தெருவே மணக்கிற மாதிரி காபி போட்டாள். நாத்தனார் இரண்டு டம்ளர் குடித்தாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. வரும் என்று யாரும் காத்திருக்கவும் இல்லை. வெறுங்காலோடு வீட்டுக்குப் போனாள்.