தண்ணீரில் மிதந்த எண்ணெய்

தெருவில் அவரை எல்லோரும் ஏர்ஹாரன் என்றுதான் சொல்வார்கள். லாரி ஓட்டிப் பழகிய குரல். பக்கத்தில் நிற்பவரிடம் ரகசியம் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். லாரியை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. சிறுநீரகம் கைவிரித்த பிறகு, வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அழைத்துப் போவது மகள். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவள், நாற்பதைத் தாண்டியவள். அவருக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பாதான்.

அவருடைய பழைய காரை அவள் ஓட்டலாம். ஆனால் ஆயில் ஊற்றுவதும் காற்றுப் பார்ப்பதும் அவர்தான். "பெத்த பிள்ளைய அடுத்தவன்கிட்ட குளிப்பாட்டக் கொடுப்பாங்களா?" என்பார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோலக் கார் கனத்தது. கருகிய வாடையும் வந்தது.

"ஏதோ தீயுதுப்பா."

"முன்னாடி போற வண்டியா இருக்கும். நீ ரோட்டப் பாரு."

பாலத்துச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தாள். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போனது. மறுபடி மிதித்தாள். ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரைச் சுவரோடு நெருக்கி நின்றது. வீடு வீடாகப் போய்ப் பூட்டு ரிப்பேர் செய்பவர் அவர். சாவிகள் சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் ஊதிப்போய், திரும்ப மூடியில் உட்கார மறுத்தது. டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டார்.

"பிரேக் ஆயில் தண்ணியோட கலந்துடும்க்கா. இது மிதக்குது பாருங்க. ஸ்டியரிங்குக்கு ஊத்துற ஆயில். பேரு ஒண்ணா இருந்தா ஆச்சா? ரெண்டும் பாம்பும் கீரியும். இது பட்டா உள்ள இருக்கற ரப்பரெல்லாம் உப்பிடும். பிரேக் புடிச்சது விடாது. சூடேறி கொதிச்சுது, பெடல் கீழ போயிடும். யாரு ஊத்துனது?"

அவள் காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து பின்கட்டு அலமாரியைத் திறந்தாள். ஒரே உயரத்தில், ஒரே மஞ்சள் நிறத்தில் இரண்டு பாட்டில்கள். பிரேக் ஆயில் பாட்டிலின் சீல் உடைக்கப்படவே இல்லை. எழுத்துகள் எறும்பு அளவுக்குத்தான் இருந்தன. கொஞ்ச நாளாகத் தண்ணீர் டம்ளரை எடுக்கும் முன் அப்பா மேசையைத் தடவுவதும், பேப்பரை நீட்டி "நீயே படி பாப்பா, கண்ணு கூசுது" என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மெக்கானிக்கை அழைத்தாள். "அப்பா கேட்டா, ஆயில் பழசாகி கொதிச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்க்கா. ஆனா மறுபடி அவரே ஊத்தப் போறாரு, பாத்துக்குங்க."

அந்தப் பொய் அவள் தலையிலேயே விடிந்தது.

"பழசா? போன மாசம்தானே ஊத்தினேன்!" என்று அப்பா கத்தினார். "உன் கால்தான் சரியில்ல. எந்நேரமும் பிரேக்க மிதிச்சிக்கிட்டே ஓட்டினா கொதிக்காம என்ன செய்யும்?" வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, "உன் தங்கச்சி ஒருத்தன் கால முறிச்சிட்டாடா" என்றார். தெரு முழுக்கக் கேட்டது. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை.

ரப்பர்கள், குழாய்கள் எல்லாம் மாற்றியாயிற்று. புது ஆயில் வாங்க அவளே உதிரிபாகக் கடைக்குப் போனாள்.

"கார்ல பிரேக் டப்பா மூடியில என்ன நம்பர் போட்டிருக்கு?" என்றார் கடைக்காரர்.

"டாட் நாலு."

"அப்ப நாலே போடுங்க. அஞ்சுன்னு ஒண்ணு இருக்கு. பெரிய நம்பர், நல்லதா இருக்கும்னு வாங்கிட்டுப் போறாங்க. அது வேற ஜாதி, இதோட சேராது."

கார் வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா கையை நீட்டினார். "சாவியக் கொடு. இனிமே நான்தான் ஓட்டுவேன். உன்னை நம்பி இன்னொருத்தன் காலு போக வேண்டாம்."

அவள் சாவியைக் கொடுக்கவில்லை. உள்ளே போய், அவர் திறந்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"நீங்க கடைசியா பிரேக்குக்கு ஊத்தினது இதுதான். விரல விட்டுப் பாருங்கப்பா."

விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். மறுபடி நனைத்தார். மறுபடி தேய்த்தார்.

"மிதக்குதா?" என்றார்.

டம்ளர் அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது.

"மிதக்குதுப்பா."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "வலது கண்ணு போய் ரொம்ப நாளாச்சு. இடதுல ஒரே பொகை. சொன்னா ஆயில் கேனக்கூட தொட விட மாட்டே." அவர் சொன்னது பக்கத்திலிருந்த அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பூட்டுக்காரரைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ்ஸில்தான் போனார்கள். வார்டில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார்.

"தம்பி, ஆயில மாத்தி ஊத்தினது நான். என் பொண்ணு மேல தப்பில்ல."

பூட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு ஊத்தினா என்ன பெரியவரே. இனிமே சைக்கிள் மிதிக்க முடியாதுன்னுட்டாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடினாள். திரைக்கு இந்தப் பக்கம் அப்பா இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்து நின்றார். மகள்தான் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

கண் டாக்டர் இடது கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். முன்பே வந்திருந்தால்.

உடம்பு தளர்ந்து பஸ் ஏற முடியாமல் போனதும், மறுபடி காரில்தான் போகிறார்கள். அப்பா பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். வேகம், கியர், ரோடு எதைப் பற்றியும் பேசுவதில்லை. தெருப்பிள்ளைகள்கூட அவரை ஏர்ஹாரன் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். பாலத்துச் சரிவு வரும்போது மட்டும் அவர் கால் தரைவிரிப்பை அழுத்த, உடம்பு பின்னால் சாய்ந்து விறைப்பது கண்ணாடியில் அவளுக்குத் தெரிகிறது. ஒருமுறை, "பிரேக் நல்லா புடிக்குதுப்பா" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் தரைவிரிப்பை அழுத்தியபடியே இருந்தது.