இஸ்கோவை இறக்கிவிட்ட இடம்

"கல்லறையிலருந்து நேரா வீட்டுக்குப் போனா செத்தவன் பின்னாலயே வந்துருவான். நடுவுல எங்கயாவது இறங்கியே ஆகணும்," என்று வாடகை ஜீப்னி வண்டிக்குள் மூன்றாவது முறையாகச் சொன்னாள் செனிங். "அந்த ரொட்டிக் கடையில நிறுத்தச் சொல்லுங்க."

அவள் கணவர் பெர்த்திங், வாய் ஓயாத முடிதிருத்துபவர், நான்கு நாளாகச் சிக்கனமாகத்தான் பேசினார். தம்பி இஸ்கோ புதன்கிழமை தான் சவாரிக்கு ஓட்டும் டிரைசிக்கிளில் உட்கார்ந்தபடியே செத்துப்போய்விட்டான். சவாரிக்கு வந்தவள், தூங்குகிறான் என்று அடுத்த வண்டியில் ஏறிப் போனாளாம்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் இஸ்கோவின் ஏழு வயது மகள் தாலா, ஜன்னலைப் பார்த்தபடி. "அப்பா எப்படியும் அம்மாகிட்டதான் போவாரு. நாமளும் அங்க இறங்கலாம்."

அம்மா பெர்லிட்டா நகரச் சிறையில் இருந்தாள். மூன்று வருடமாக வழக்கு இழுக்கிறது. அடக்கத்துக்கு வர அவள் கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை.

குழந்தை சிறை வாசலை மிதிக்கக் கூடாது என்பது பெர்த்திங்கின் கொள்கை. தாலாவை அங்கே கூட்டிப் போகும் தம்பியோடு ஞாயிறுதோறும் சண்டை. சலூனுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் கட்சிதான். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எதிர்க்கட்சி ஆவார்கள்? 'புள்ள இனிமே என் பொறுப்பு. ஜெயிலுக்குப் போற கதை இத்தோட முடிஞ்சுது' என்று சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அறிவித்திருந்தார்.

"ஜெயிலா? நல்லாருக்கே!" என்றாள் செனிங்.

பெர்த்திங் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "டிரைவர் தம்பி, ஜெயில் பக்கம் விடு. உள்ள போனவன் அவ்வளவு சீக்கிரம் வெளிய வர முடியாது. பேயை இறக்கிவிட இதவிடப் பாதுகாப்பான இடம் எது?"

செனிங் ஜீப்னியை விட்டு இறங்கவில்லை.

வாசல் காவலர் பெர்த்திங்கின் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "இது என்னய்யா?"

"காலையில தம்பிக்கு முடி வெட்டினேன் சார். பெட்டியில படுத்தவன் பரட்டையா இருந்தா எனக்குல்ல கெட்ட பேரு."

காவலர் சிரிக்கவில்லை. அடுத்து, மடித்த கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். பழையபடி மடித்துக் கையில் கொடுத்தார். மணிக்கட்டில் நீல முத்திரை குத்தினார்.

"ஊதுங்க பெரியப்பா. அழிஞ்சா வெளிய விட மாட்டாங்க," என்றாள் தாலா.

சிறைக்குப் போகக் கூடாதென்று மூன்று வருடம் பிரசங்கம் செய்த பெர்த்திங் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. இருட்டையும் சங்கிலியையும் எதிர்பார்த்தவர் கண்டது மின்விசிறிகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். மஞ்சள் சட்டையில் கைதிப் பெண்கள், மடிகளில் குழந்தைகள். ஒரு சிறுமி அம்மாவிடம் வாய்ப்பாடு ஒப்பித்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

தாலா ஓடிப் போய் ஒரு மடியில் ஏறினாள். அங்கேதான் அழுதாள், நான்கு நாளில் முதல் முறையாக.

வெகுநேரம் கழித்து பெர்லிட்டா மகளின் தலையைத் தடவினாள். "யாருடி பின்னி விட்டது?"

"பெரியப்பா."

"அதானே பார்த்தேன். என்னண்ணே, கப்பல் கட்டுற கயிறா இது?"

"ஆம்பளைங்க தலைதான் எனக்கு வரும்," என்றபடி கைக்குட்டையை நீட்டினார் பெர்த்திங். "உன் புருஷன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதாம். இங்கயே விட்டுட்டுப் போறோம்."

பிரித்தாள். காலையில் வெட்டிய முடி. கையை மூடிக்கொண்டாள். கைக்குட்டையை மடித்துச் சட்டைக்குள் செருகினாள். பிறகு மகளின் பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.

வெளியே வரும்போது காவலர் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே முத்திரை இல்லை. பெர்த்திங்கின் ஈரக் கன்னத்தில் இருந்தது.

"எங்க பெரியப்பாதான் சார்," என்று தாலா முன்னால் வந்தாள். "இன்னிக்குத்தான் முதல் தடவை. அடுத்த ஞாயித்துக்கிழமை சரியா செய்வாரு."

காவலர் பெர்த்திங்கைப் பார்த்தார். "அப்படியா?"

"கத்தரிக்கோல வீட்டுலயே வச்சிட்டு வந்துடறேன் சார்," என்றார் பெர்த்திங்.

தாலா அவர் கையை இழுத்து, முத்திரை இருந்த இடத்தில் ஊதினாள்.