இறுகப் பிடிக்கும் ரத்தம்

விரல் நுனியில் மாட்டியிருந்த, ரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் கிளிப்பில் தொண்ணூற்றொன்பது என்று சிவப்பாக எரிந்தது. அதைப் பார்த்ததும் மதுமதி பிராணவாயு முகமூடியை மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எனக்கு ஒண்ணும் செய்யல அத்தான். தலைவலியும் விட்டுட்டு. வீட்டுக்குப் போலாமான்னு கேட்டுப் பாருங்க" என்றாள். பிரதீப் ஸ்டூலிலிருந்து எழுந்து முகமூடியைத் திரும்ப இறக்கி, காதோரம் சிக்கியிருந்த முடியை விலக்கி, ரப்பர் நாடாவைச் சரிசெய்தான்.

"அந்த நம்பரை நம்பாத."

"நம்பரை நம்பாதன்னு நீங்களா சொல்லுதீங்க?" அவள் சிரித்தது முகமூடிக்குள் ஆவியாகப் படிந்து மறைந்தது.

தீபாவளியிலிருந்து தினமும் காலையில் அவன் கைபேசியைப் பார்த்து டில்லிக் காற்றின் மாசு எண்ணை உரக்க வாசிப்பான். நானூற்றுச் சொச்சம் என்றால் அந்தத் தூசி எவ்வளவு நுண்ணியது, நுரையீரலைத் தாண்டி ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது என்று தோசை ஆறும்வரை சொல்வான். முனிர்காவுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் வேதியியல் ஆசிரியர். வகுப்பு முடிந்தாலும் அவனுக்கு வகுப்பு முடிவதில்லை. பால் ஏன் திரிகிறது என்று பால்காரனுக்கே சொன்னவன். மதுமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். கேட்க அவளுக்கு விருப்பமா என்று அவன் கேட்டதில்லை.

இன்று காலை குளியலறைக் கதவை உடைத்து, மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வந்தபோதும் இந்தக் கிளிப் தொண்ணூற்றொன்பதுதான் காட்டியது. அது ரத்தத்தின் சிவப்பை மட்டும் பார்க்கிறது. பேருந்தில் இருக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பதைப் போல. உட்கார்ந்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. பிராணவாயு உட்கார்ந்தாலும் சிவப்பு, கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்தாலும் சிவப்பு. ரத்தத்தை எடுத்துச் சோதித்த பிறகுதான் இருக்கைகளில் கால்வாசிக்கு மேல் வேறு ஆள் என்று தெரிந்தது.

"அரே பாபி, மாஸ்க்கைத் திரும்பத் தூக்கினீங்களா?" நர்ஸ் சாந்தகுமாரி வந்தாள். டில்லியிலேயே லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான பெண்களை இந்தி வழக்கில் பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது என்று வந்ததுமே சொல்லியிருந்தாள். "சார், நீங்க உக்காந்து லெக்சர் குடுங்க, அச்சா? ஆனா மாஸ்க் நகரக் கூடாது."

லெக்சர் கொடுக்க அவனுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. பதினொன்றாம் வகுப்பில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பாடம் அது. இரண்டு அணுக்கள் சேரும்போது ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பொதுவில் வைப்பது வழக்கம். சகப்பிணைப்பு என்பது அந்தக் கூட்டுதான். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் இரும்போடு சேரும் விதம் வேறு. இரண்டு எலக்ட்ரானையும் கார்பனே கொண்டுவரும். இரும்பு இடம் கொடுத்தால் போதும். சேர்ந்தபின் அந்த இணை இரண்டுக்கும் பொது. எது யார் கொண்டுவந்தது என்று எந்தக் கருவியும் பிரித்துக் காட்டாது. அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பெயர் ஈதல் சகப்பிணைப்பு. பிராணவாயு உட்காரும் அதே இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு அது உட்கார்ந்துகொள்ளும். இந்த வரி வரும்போது அவன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பை ஒருமுறை பார்ப்பான்.

ஆனாலும் பிணைப்பு என்பது பூட்டு இல்லை. உடம்பின் சூட்டில் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வில் அவ்வப்போது ஒரு பிடி நழுவும். நழுவிய கணத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்ததுதான் மற்றதெல்லாம். சாதாரணக் காற்றென்றால் எழுந்தவனே மறுபடி உட்கார்ந்துவிடுவான். குழாய் வழியாகப் பிராணவாயு கூட்டம் கூட்டமாக வந்து நெருக்கினால் இடம் கைமாறும். மணிக்கணக்காக மதுமதியின் உடம்புக்குள் அதுதான் நடந்துகொண்டிருந்தது. மதியம் எடுத்த அவளுடைய ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அநேகமாக இறங்கிவிட்டிருந்தது.

அதைச் சொல்ல வந்த பெண் மருத்துவர் போகாமல் நின்றார். முகமூடியைக் கழற்றக் கூடாது, நாளைவரைகூட ஆகலாம் என்றார். அம்மா சரியாகிவிட்டார், குழந்தையின் ரத்தம் வேறு மாதிரி.

அவர் முடிப்பதற்குள் பிரதீப்புக்குப் புரிந்துவிட்டது. வயிற்றிலிருக்கும் சிசு மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்துதான் பிராணவாயுவைப் பறித்துக்கொள்ள வேண்டும். பறிப்பதற்காகவே அதன் ரத்தம் இன்னும் இறுகப் பிடிக்கும்படி அமைந்திருக்கிறது. அந்தப் பிடிதான் ஏழு மாதமாக அதை உயிரோடு வைத்திருந்தது. இப்போது அதே பிடியில் விஷம் இருந்தது. தாய் விட்ட பிறகும் அது விடாது. காலையில் துடிப்பு கேட்டது, ஆனால் அதன் வேகத்தில் ஏற்ற இறக்கம் போதவில்லை, சாயங்காலம் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் மதுமதி.

சொன்னான். இருக்கை, நழுவுவது, கூட்டம், சிசுவின் பிடி என்று ஒவ்வொன்றாக, நிதானமாக, கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னான். அவள் கண்ணிமைக்காமல் கேட்டாள். பிறகு, "அந்தப் புகை வெளிய போகாம ஏன் உள்ளயே நின்னுச்சு?" என்றாள்.

அவர்கள் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. எதிர்வீட்டுச் சுவர் கை நீட்டினால் எட்டும். குளியலறையின் ஒரே துவாரம் கட்டடங்களுக்கு நடுவே இருந்த சந்துப் பக்கம் பார்த்திருந்தது. காலையில் கீழே யாராவது குப்பையைக் கொளுத்தினால் புகை நேராக உள்ளே வரும். போன ஞாயிற்றுக்கிழமை அவன் தெர்மோகோல் வாங்கிவந்து அளவாக வெட்டி, துவாரத்தில் பொருத்தி, நான்கு பக்கமும் பழுப்பு டேப்பை இரட்டையாக ஒட்டினான். பிள்ளைக்கு ஒரு துளிப் புகை போகக் கூடாது என்றான். ஸ்டூலை அவள்தான் பிடித்துக்கொண்டாள். அதே சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், வீட்டுச் சொந்தக்காரர் மாட்டிய, குளிக்க வெந்நீர் காய்ச்சும் கேஸ் கீசர் இருந்தது. மூடிய அறையில் பிராணவாயு குறைந்தால் எரிவாயு எப்படி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகும் என்று அவன் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை அது நினைவுக்கு வரவில்லை.

நான்கு மணி வாக்கில் ஒரு பெண் போலீஸ் வந்து கட்டிலருகே நின்றாள். இப்படிப்பட்ட கேஸ் என்றால் ஆஸ்பத்திரியே சொல்லி அனுப்பிவிடும் என்று சாந்தகுமாரி முன்பே சொல்லியிருந்தாள். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று போலீஸ்காரி இந்தியில் கேட்டாள். இரண்டு என்றதும் அவள் பிரதீப்பைச் சந்தேகத்தோடு ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ரோஷன்தான் கிஸ்னே பந்த் கியா தா?"

ரோஷன்தான் என்றால் காற்றுத் துவாரம். அதை அடைத்தது யார்? வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பிரதீப் வாயைத் திறந்தான். மதுமதி முகமூடியைச் சற்றுத் தூக்கி, தனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில், "மைனே" என்றாள். "நான். தண்ட். குளிர். டேப்."

"அகேலே?"

"ஹாஞ்ஜி. தனியா. அவிய வேலைக்குப் போயிருந்தாவ."

போலீஸ்காரிக்குக் கடைசி வாக்கியம் புரியவில்லை. சாந்தகுமாரி ஒரு கணம் பிரதீப்பைப் பார்த்துவிட்டு, பிறகு அதை இந்தியில் சொன்னாள். போலீஸ்காரி தலையை ஆட்டினாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படியா செய்வது, அறிவு வேண்டாமா என்று மதுமதியைத் திட்டினாள். மதுமதி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிரதீப் திறந்த வாயை மூடியிருந்தான். எப்போது மூடினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

போலீஸ்காரி போன பிறகு, "ஏளா, எதுக்கு அப்படிச் சொன்ன? நான்தான..." என்று தொடங்கினான்.

"எங்க அண்ணன் ராத்திரி ஊர்லேருந்து வண்டியேறிருவான். அவன்ட்டயும் போலீஸ்ட்டயும் நின்னு நீங்க பாடம் எடுப்பீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "உங்களப் பிடிச்சிட்டுப் போயிட்டா, இந்தப் புள்ளயத் தனியா வளக்க எனக்குத் தெம்பு கெடையாது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் நெனைச்சுக்கிடாதீங்க."

"மதி, நான் யோசிக்காம..."

"விளக்காதீங்க அத்தான்." முகமூடியை அவளே சரியாக இழுத்து வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து குரல் அடைத்து வந்தது. "காலைலேருந்து அது அசையவே இல்ல. டாக்டர்ட்ட அசையுதுன்னு சொல்லிட்டேன். பயமா இருந்துச்சு."

அவன் அவள் வயிற்றில் கை வைத்தான். இரவில் உதைக்கும் இடம் அவனுக்குத் தெரியும். அங்கே தோலின் வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. எழுந்து ஓடிப்போய் சாந்தகுமாரியிடம் சொன்னான். என்ன சொன்னான், எந்த வரிசையில் சொன்னான் என்று பிறகு நினைவில்லை. அவள் கேலி எதுவும் செய்யாமல் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பட்டைகளை வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். குளிர்ந்த களிம்பில் துடிப்பைக் கேட்கும் வட்டை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். அறையில் கரகரவென்ற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, தூரத்தில் யாரோ வேகமாக நடப்பதைப் போல, துடிப்பு.

"இருக்கு" என்றாள் சாந்தகுமாரி. "புள்ள அசைஞ்சா கோடு மேல ஏறணும், பாபி. இடது பக்கமாத் திரும்பிப் படுங்க."

மதுமதி திரும்பிப் படுத்தாள். அவளுடைய முதுகுதான் இப்போது அவன் பக்கம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாயங்காலமா இல்லையா என்று தெரியாத சாம்பல் நிறம். இயந்திரத்திலிருந்து கட்டம் போட்ட காகிதம் மெதுவாக வெளியே வந்தது. துடிப்பு கேட்டுக்கொண்டிருந்தது, ஆனால் அதன் வேகத்தைக் காட்டும் கோடு ஏறாமலும் இறங்காமலும் ஒரே மட்டத்தில் நகர்ந்தது. பிள்ளையை எழுப்ப சாந்தகுமாரி வயிற்றை விரலால் லேசாகத் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். காகிதம் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கி, தரையைத் தொட்டு, தன் மேலேயே மடிந்து விழத் தொடங்கியது. பிரதீப் கீழே உட்கார்ந்து, அது கசங்காதபடி இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, அடுத்து வரும் கட்டத்தைப் பார்த்தான். அதற்கும் அடுத்ததைப் பார்த்தான்.