ஊருக்குத் திரும்பிய லாரி

அந்த வருஷம் மழை பொய்த்து, சொல்கோக் ஊரின் நீர்த்தேக்கம் அடிமண் தெரிய வற்றியபோது, சாலை வளைவுக்குக் கீழே சேற்றில் ஒரு நீல லாரியின் கூரை தெரிந்தது. அது யாருடைய லாரி என்று ஊருக்கே தெரியும். அதனால் அன்று இன்சுக்கின் நூடுல்ஸ் கடைக்கு வந்த யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா போக்சூன், அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள் திரும்பவேயில்லை. அதே நாளில் லாரி ஓட்டும் சாங்மானையும் காணவில்லை. அவர் மனைவியை இழந்தவர். போக்சூன் தன் அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை என்று தெரிந்ததும், இரண்டு பேரும் ஓடிப்போய்விட்டார்கள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

சாங்மானின் மகன் தோகிலைத்தான் இன்சுக் விரும்பியிருந்தாள். லாரிக்காரன் மகனுக்குப் பெண் தரமாட்டேன் என்று அவள் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். இந்த அவமானத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. தோகில் மட்டும் ஒருமுறை கடை வாசலுக்கு வந்தான். அவனை வாயைத் திறக்கவே விடவில்லை அவள்.

"உங்கப்பா முகம்தான் உனக்கும். என்னால பாக்க முடியல. போயிடு."

அவன் போய்விட்டான். பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி பழுதுபார்க்கும் கடை போட்டான், வேறொருத்தியைக் கட்டினான், அவளும் பிரிந்து போனாள். இன்சுக் கட்டிக்கொள்ளவேயில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் அந்நியர்கள். வீட்டிலிருந்த போக்சூனின் படங்களை அப்பா எரித்திருந்தார். இன்சுக்கும் அம்மாவை வெறுத்தாள். வெறுக்க ஓர் ஆள் இருந்ததால்தான் அந்த வருஷங்களைத் தள்ள முடிந்தது.

இரண்டு குடும்பத்தையும் போலீஸ் கரைக்கு வரச்சொன்னது. லாரிக்குள் இரண்டு பேருடைய எலும்புகள் இருந்தன. அந்த வளைவில் அப்போது தடுப்பு கிடையாது என்றும், விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் லாரி நகரத்திலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது என்றும் அதிகாரி சொன்னார். பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். கல்யாண வீட்டில் வைக்கும் மர வாத்து ஜோடி. அதன் கீழே, மடிப்புக் கலையாமல், கறையேறிய சிவப்புப் பட்டுப் பாவாடை, மணப்பெண் உடுத்துவது.

உங்கள் அம்மாவுடையதா என்று கேட்டார். இன்சுக் அதை வாங்கித் தன்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகக் கணுக்காலைத் தொட்டது. அம்மா அவள் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள்.

"என்னோடது," என்றாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

தோகில் சற்றுத் தள்ளி நின்றிருந்தான். "அன்னிக்குக் காலைல எங்கப்பா என்னோட சட்டை அளவு கேட்டாரு," என்றான். "எதுக்குன்னேன். சிரிச்சாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அதைச் சொல்லத்தான் உன் கடை வாசலுக்கு வந்தேன்."

அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவனும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இறுதிச் சடங்குக் கூடத்தில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த அறை. போக்சூனின் அக்காவிடம் கிடைத்த பழைய குடும்பப் படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். முதல்நாள் அப்பா வரவில்லை. மறுநாள் கறுப்பு கோட் அணிந்து வந்து, மனைவியின் படத்தின் முன் குப்புற விழுந்தவர், இன்சுக் தூக்கும்வரை எழவில்லை.

எழுந்தவர் பக்கத்து அறைக்குப் போனார். சாங்மானைவிட வயதில் மூத்தவர் அவர். இத்தனை வருஷமும் அந்தப் பெயர் காதில் விழுந்தாலே காறித் துப்பியவர். அந்தப் படத்தின் முன் தரையில் நெற்றி பட இரண்டு முறை வணங்கினார். முறைப்படி தோகிலும் குனிந்து பதில் வணக்கம் செய்தான்.

"எனக்குப் பயந்துதான் அவ பொய் சொல்லிட்டுப் போனா," என்றார் அப்பா. "இந்தக் கல்யாணத்துக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா நானும் கூடப் போயிருப்பேன்."

மன்னிச்சுட்டேன் என்று தோகில் சொல்லவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க ஐயா," என்றான். இன்சுக் காரமான மாட்டிறைச்சி சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த வசந்தத்தில் இன்சுக்கும் தோகிலும் கல்யாணத்தைப் பதிவுசெய்துகொண்டார்கள். விருந்து எதுவும் வைக்கவில்லை. தோகில் இவர்கள் வீட்டுக்கே குடிவந்தான். அவனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு குறைவுதான். ஆனால் சில சாயங்காலங்களில், யாரும் கேட்காமலேயே, போக்சூனைப் பற்றி அப்பா ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். அப்போதெல்லாம் இன்சுக் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.