காளீஸ்வரி நின்ற படி

விடிந்தும் விடியாத வேளையில் கலவை மிஷின் உறுமத் தொடங்கிவிட்டது. குற்றாலத்துச் சாரல் முகத்தில் அறைய, சாரத்துப் படிகளில் பெண்கள் வரிசையாக ஏறி நின்றார்கள். கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும்.

சந்தனமாரிக்கு மேலே ஒரு படி காலி. அது காளீஸ்வரியின் இடம். போன வாரம் முன்வாசலில் போட்ட கான்கிரீட் தட்டு இறுகும் முன்பே அடியிலிருந்த முட்டுக்கம்புகளைக் காண்ட்ராக்டர் உருவச் சொன்னார். தட்டு சரிந்து அவள் காலை நசுக்கியது. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

கீழ்மாடிகள் கட்டும்போது லாட்ஜ் முதலாளி சுந்தரபாண்டியன் தனியாக இஞ்சினியர் வைத்திருந்தார். அந்த இஞ்சினியர் வந்து பார்க்காமல் ஒரு முட்டுக்கம்பைத் தொட முடியாது. சீசன் முடிவதற்குள் லாட்ஜைத் திறக்கும் அவசரத்தில் முதலாளி அந்த முறையை மாற்றினார். வரைபடம், சாமான், ஆள், மேற்பார்வை எல்லாம் காண்ட்ராக்டர் முத்துச்செல்வத்தின் கையில். செய்கிறவரே சரிபார்த்தும் கொள்வார், என்ன அழகான ஏற்பாடு!

ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் நெருங்கி நின்று இடைவெளியை அடைப்பது வழக்கம். இன்று யாரும் நகரவில்லை. நேற்று ஆஸ்பத்திரி வாசலில் பேசி எடுத்த முடிவு அது. வேலை போனால் அடுப்பு எரியாது. ஆனால் இன்று போடும் இந்தத் தட்டுக்கடியிலும் நாளை அவர்கள்தானே நிற்க வேண்டும்?

“ஏட்டி, ஏறி நில்லு! சட்டி நிக்குதுல்லா!” என்று கத்தினார் முத்துச்செல்வம்.

“அங்கன காளீஸ்வரி நிப்பா, அண்ணாச்சி,” என்றாள் சந்தனமாரி.

முதலாளி காரிலிருந்து இறங்கி வந்தார். “முழுசா அவருட்ட விட்டாச்சு. எதுன்னாலும் அவருட்ட கேளுங்க.”

“அவருட்ட கேட்டா, முதலாளி வச்ச கெடுங்காரு. அப்ப அவ காலுக்கு யாரு பொறுப்பு?”

முதலாளி முத்துச்செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார். சந்தனமாரி விடவில்லை.

“யாருட்ட வேணும்னாலும் வேலையக் குடுங்க. அவளுக்கு வைத்தியம் பாக்கணும். காண்ட்ராக்டர் ஆளா இல்லாத இஞ்சினியர் வந்து பாக்கணும். அதுவரைக்கும் இந்தப் படி காலிதான்.”

“வடக்கத்திப் பயலுவள ஏத்துதேன், பாரு!” முத்துச்செல்வம் மிஷின் பக்கம் கைகாட்டினார்.

மிஷின் ஓட்டும் சுரேந்தர் பீகாரிலிருந்து வந்தவன். காளீஸ்வரியை இடிபாட்டிலிருந்து தூக்கி வந்தவனும் அவன்தான். காலிப் படியைப் பார்த்தான். மிஷினை அணைத்தான்.

சட்டென்று தூரத்து அருவிச் சத்தம் கேட்டது. முதலாளி போனை எடுத்தார். இஞ்சினியரைக் கூப்பிடுகிறாரா, போலீசையா, யாருக்கும் தெரியவில்லை. சந்தனமாரி நனைந்த முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். சுரேந்தர் நடந்து வந்து, அவளுக்குக் கீழே வரிசையில் நின்றுகொண்டான்.