தூங்காத குறட்டை

"நல்லாத் தூங்குவார் டாக்டர். குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும்."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். பக்கத்தில் புருஷன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

இரும்பு வார்க்கும் ஆலையில் அவன் ராத்திரி ஷிப்ட் கிரேன் ஓட்டுபவன். போன வாரம், கீழே நின்றவர் கையை விரித்து 'நில்' என்று காட்டியிருக்கிறார். கண் பார்த்தது, கை தாமதித்தது. உருகிய இரும்பு நிறைந்த தொட்டி ஒரு முழம் கூடுதலாக இறங்கித் தளும்பிவிட்டது. கீழே நின்றவரின் பாதம் வெந்துபோனது. மூளையில் கோளாறு இல்லை என்று தெரியும்வரை கிரேன் ஏறக்கூடாது என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள்.

"குறட்டைன்னா மூச்சு அடைக்குதான்னு பாக்கணும். பகல்ல தூங்கறவர்தானே, இங்கேயே படுக்கட்டும்" என்றார் டாக்டர்.

இருட்டாக்கிய அறையில் அவன் தலை முழுக்க வயர் ஒட்டினார்கள்.

"பாத்தியா, தலையில கரண்ட் எடுக்கறாங்க. இனிமே வீட்டுக்கு பில்லே வராது" என்றான் அவளிடம்.

"உங்க தலையில வர்ற கரண்டுக்கு ஜீரோ வாட் பல்பு கூட எரியாது. கண்ணை மூடுங்க."

மூடியவன் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டான். அவள் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். சாயங்காலம் நர்ஸ் வந்து சிரித்தாள்.

"குறட்டைன்னீங்களேக்கா! கொசு கூட இதைவிடச் சத்தம் போடும்."

அவள் எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தமே இல்லை. அப்படித் தூங்கும் முகத்தை அவள் பார்த்து எத்தனையோ மாசமாகிவிட்டது.

அவர்கள் வீடு ஒரே அறை. அவன் தலைமாட்டிலிருந்து கை எட்டும் தூரத்தில் அவளுடைய தையல் மெஷின். கடைக்காரர் கட்டுக்கட்டாகப் போடும் பேண்ட்டுகளுக்கு மடிப்பு அடிக்கிற வேலை. மோட்டார் ஓடினால் தரையே அதிரும். "நீ பாட்டுக்குத் தை, எனக்கு இது தாலாட்டு" என்பான். சொன்ன வாய் மூடுவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். "உன் புருஷனுக்கும் மோட்டார் மாட்டியிருக்கியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள்.

அவன் எழுந்ததும் டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார்.

"மூச்சுல அடைப்பு இல்ல. பட்டினி கிடந்தவன் சோத்தைப் பாத்த மாதிரி தூங்கியிருக்கார். நாம தூங்கறப்போதான் மூளை தன் குப்பையை நல்லாக் கழுவித் தள்ளும். இவருக்கு மாசக்கணக்கா அது சரியா நடக்கல. அதான் கை தாமதிக்குது, பிரஷரும் ஏறியிருக்கு. ஒழுங்காத் தூங்கினா பெரும்பாலும் சரியாகிடும். அதுவரைக்கும் கிரேன் வேண்டாம். வீட்டுல தூக்கத்தைக் கெடுக்கறது எது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். வயசாகுதுல்ல."

"என் தையல் மெஷின்" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு." அவன் அவள் தோளில் கை வைத்தான். "இவளுக்குத் தெரியாது டாக்டர். நான்தான் தூங்கற மாதிரி குறட்டை விட்டு ஏமாத்திட்டேன். இவ தையல் வேலை கெடக் கூடாதுன்னு."

அவள் தப்பித்துக்கொள்ள அது போதும். தலை குனிந்து கொஞ்சம் அழுதிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நூல் மாத்த மெஷினை நிறுத்தினா உங்க குறட்டையும் நிக்கும். மறுபடி மிதிச்சா மறுபடி வரும். தூங்கறவனுக்கு எப்படி அது தெரியும்?"

தோளிலிருந்த கை மெல்ல விலகியது.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொதல்லேருந்தே."

டாக்டர் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நடிக்காதீங்க'ன்னு சொல்லியிருக்கலாமேடி."

அப்படிச் சொல்லியிருந்தால் அவள் மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும்.